மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு எந்த ஹெட்?

பயிர் வாடுற நேரத்திலேதான் ஆயில் எஞ்சின் ஹெட் கீறல் விடும். அவசரத்தில் கிடைத்த ஹெட்டை மாட்டிவிடாதீர்கள்.

நிமிஷத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை எஞ்சின் 325 தடவைதான் காற்றை இழுக்கும். 1500 சுற்று எஞ்சினோ 750 தடவை. காற்றுத் துவாரத்தை அகலப்படுத்தினால் இழுவை கூடும் என்று பட்டறையில் சொல்வார்கள். வேக எஞ்சினுக்கு அது பொருந்தலாம். உங்க எஞ்சினுக்கு ஆகாது. வாய்க்காலை அகலமாக வெட்டினால் அதே தண்ணீர் சோம்பி ஓடுதில்லையா? காற்றும் அப்படித்தான். வேகம் குறைந்து டீசலோடு சரியாகக் கலக்காது, புகைதான் மிஞ்சும்.

ஆகவே அதே மாடல் ஹெட்டையே கேளுங்கள். பழைய ஹெட் என்றால் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே கீறல் இருக்கான்னு பாருங்கள். அதன் வழியாகத் தண்ணி சிலிண்டருக்குள் இறங்கினால் லைனரும் பிஸ்டனும் போச்சு! வால்வை மூடி, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கசிந்தால் வால்வு கிரைண்டிங் செய்யணும். மட்டம் பார்க்கிறேன் என்று ரொம்பச் செதுக்கிய ஹெட் வேண்டாம். வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

கேஸ்கட் புதுசாகவே போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்யுமுன் பிளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கேயாவது தட்டுதா என்று பாருங்கள்.