பிரான்ஸ் கொடி... கம்பம் கனி!

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பழக்கடைகளில் கருநீலமாகக் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சை, 400 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துவரும் கம்பம் சரக்கு.

இதன் ரகப் பெயர், 'மஸ்கட் ஹாம்பர்க்'. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இங்கு கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. தெற்கு பிரான்ஸின் வான்டூ மலையடிவாரத்திலும் இதே ரகம்தான். அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்திலோ கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றுவதால், வருடம் முழுக்கப் பழம்!

2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், பறித்தால் சீக்கிரமே விற்றாக வேண்டும். விலை சரிந்தாலும் விவசாயியால் காத்திருக்க முடியாது. மிஞ்சும் பழத்தைக் காப்பாற்ற ஜூஸும் ஒயினும் ஒரு வழி.

அடுத்த முறை பேரம் பேசும்முன், அந்தப் பன்னீர் வாசத்தைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்!