தாகத்துக்கும் பசிக்கும் ஒரே வாசல்

புரட்டாசியில் மழை பத்து நாள் ஏமாற்றினால் போதும், நல்லம்பள்ளி வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் ராகிப் பயிர் உச்சி வெயிலில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். "பயிர் காயுது" என்கிறோம். காய்ந்துவிடாமல் இருக்கப் பயிர் படும் பாடு அது என்பதே சரி.

இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளம். ஒவ்வொன்றையும் இரண்டு காப்புச் செல்கள் அணைத்திருக்கும். அவை நீர் நிறைந்து உப்பினால் துளை திறக்கும். நீர் இழந்து தளர்ந்தால் மூடும். கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் இதே வழிதான். தாகத்துக்குப் பயந்து வாசலைச் சாத்தினால் பட்டினி. பசிக்குப் பயந்து திறந்து வைத்தால் வாடல். எப்போது சாத்துவது என்பதை மூளையோ நரம்போ இல்லாத செடி எப்படி முடிவு செய்கிறது?

அந்த வேலையைச் செய்வது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். மண்ணில் ஈரம் குறையும்போது செடிக்குள் இதன் அளவு ஏறுகிறது. 1960களிலேயே கண்டுபிடித்தாயிற்று. ஆனால் செல்லுக்குள் இதை அடையாளம் கண்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பி எது என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடிபடவில்லை. "இதோ கிடைத்துவிட்டது" என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை 2008இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தத் துறையே கொஞ்சம் கூசிப்போயிருந்த நேரம் அது.

2009இல் அமெரிக்காவில் ஷான் கட்லர் குழுவும் ஜெர்மனியில் எர்வின் கிரில் குழுவும் தனித்தனியாக விடையைத் தொட்டன. கட்லர் பின்பக்க வழியாக வந்தார். விதை முளைப்பதைத் தடுக்கும் பைராபாக்டின் என்ற செயற்கை வேதிப்பொருளை, ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் விதைகள் மேல் பிரயோகித்தார். தடையை மீறி முளைத்த விதைகளில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று தேடினார். கிடைத்தது ஏற்பி. இத்தனை காலம் அது ஒளிந்திருந்ததற்கும் காரணம் தெரிந்தது: அந்தச் செடியில் இந்த வகை ஏற்பிக்கு 14 மரபணுக்கள். ஒன்றைக் கெடுத்தால் மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளும். நான்கை ஒன்றாக முடக்கிய பிறகுதான் செடி ஹார்மோனுக்குச் செவிசாய்க்காமல் போனது.

இதன் இயக்கம் இன்னும் சுவாரஸ்யம். வாசலைச் சாத்தும் நொதி ஒன்று காப்புச் செல்லுக்குள் எப்போதும் தயாராகவே இருக்கிறது. அதை இன்னொரு புரதம், முளைக்குச்சியில் கட்டிய கன்றைப் போல, நகரவிடாமல் வைத்திருக்கிறது. ஹார்மோன் ஏற்பியின் குழிக்குள் போய் உட்கார்ந்ததும் ஏற்பியின் மூடி கவிழ்கிறது. மூடிய ஏற்பி அந்தத் தடுப்புப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதிக்கு விடுதலை. அது காப்புச் செல்லின் சவ்விலுள்ள அயனி வாய்க்கால்களைத் திறந்துவிட, உப்பு வெளியேற, பின்னாலேயே நீரும் வெளியேற, துளை மூடுகிறது. சில நிமிட வேலை. செடியில் ஆக்சின், ஜிப்ரலின், ஜாஸ்மோனிக் அமிலம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான்: புதிதாக ஒன்றை முடுக்குவதைவிட, இருக்கும் தடையை நீக்குவதே வழக்கம்.

இதே ஹார்மோனுக்கு வறட்சியே இல்லாத இடத்திலும் வேலை உண்டு. விதை முற்றும்போது அதை உறங்க வைப்பதும் இதுதான். இந்த உறக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தருமபுரி மாவட்டத்தில் நிலக்கடலை போட்டவர்களைக் கேட்டால் தெரியும். கொத்து ரகத்தில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த ரகங்களின் விதைக்கு உறக்கம் மிகக் குறைவு.

அப்படியானால் இந்த ஏற்பிகளை நிறைய உற்பத்தி செய்ய வைத்து வறட்சியைத் தாங்கும் பயிரை உண்டாக்கிவிடலாமே? ஆய்வகங்களில் செய்து பார்த்தார்கள். செடி பிழைக்கிறது, ஆனால் வளர்ச்சி குன்றுகிறது. எந்நேரமும் வாயை மூடிக்கொண்டிருக்கும் செடி எதைத் தின்று கதிர் விடும்? "வறட்சி மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது விளைச்சல் எவ்வளவு என்ற வரியைத்தான்.

2025 மே மாதம் டெல்லியில் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒன்று ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா. சம்பா மசூரியில், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதியின் மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். ஹார்மோன் மிஞ்சுவதால் கதிரில் மணி கூடுகிறது. மற்றொன்று பூசா டிஎஸ்டி நெல் 1. இதில் எம்டியூ 1010 ரகத்தில் டிஎஸ்டி என்ற மரபணு திருத்தப்பட்டது. இலைத்துளைகள் மூடுவதற்கு முட்டுக்கட்டை போடுவது அந்த மரபணு. சைட்டோகைனினைச் சிதைக்கும் மரபணுவைத் தூண்டுவதும் அதுவே என்பதுதான் வேடிக்கை. ஒன்றை அடக்கினால் நீர்ச் சிக்கனம், மணிப் பெருக்கம் இரண்டுக்கும் வழி பிறக்கலாம் என்பது கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. பல பருவங்கள், பல மண்கள் பார்த்த பிறகே அதை நம்புவேன்.

ராகிக்கு இப்படி யாரும் திருத்தம் செய்து தரவில்லை. அதன் ஒளிச்சேர்க்கை முறையே வேறு: நெல்லைப் போலன்றி, துளையைப் பாதி சாத்திக்கொண்டும் கரியமில வாயுவைச் செறிவாக்கி உண்ணும். பட்டினியின் கடுமை அதற்குக் குறைவு. வறட்சியைத் தாங்கும் எம்எல் 365 என்ற ராகி ரகத்தின் மரபணுத்தொகுதியைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள். அதில் 85,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். நெல்லுக்குக் கிடைக்கும் பணத்திலும் ஆளிலும் ஒரு பங்காவது அந்தப் பட்டியலைப் படித்துப் பொருள் காண ஒதுக்கப்பட வேண்டும். ரகங்களைச் சோதிக்க டெல்லி வயல் வேண்டாம். பையூர் ஆராய்ச்சி நிலையமும் நல்லம்பள்ளியின் மானாவாரிக் கொல்லைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.