அச்சம் நகையாதல்: சந்திரமுகி நடனமும் இணைய மீமும்

அச்சத்திற்குரிய பொருள்களை மெய்ப்பாட்டியலில் வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் அணங்கினை முதற்கண் வைத்தார். அணங்கின் ஆட்டம் கண்டு அஞ்சாது நகைப்பார் உளராயின், அந்நகை யாண்டுப் பிறந்தது என்பது ஆராயத்தக்கது. புதுவைச் சாரத்தில் யாம் வாழும் தெருவிலே பள்ளிச் சிறுவர் சிலர் கண்ணை உருட்டித் தலையைச் சாய்த்து ஆடி, அதனைக் கைப்பேசியிற் படம்பிடிக்கக் கண்டோம். வினவியபோது, 'ராரா' ஆடுவதாகக் கூறினர். அவருள் ஒருவரும் 'சந்திரமுகி'யை முழுதுங் கண்டவர் அல்லர். அப்படம் வந்த ஞான்று அவர் பிறந்தவரும் அல்லர்.

பி. வாசு இயக்கிய அப்படம் 2005 ஏப்ரல் 14 அன்று வெளிவந்தது. பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் 1993ஆம் ஆண்டு மலையாளப் படமே அதன் மூலம். மலையாளத்தில் ஷோபனா ஆடிய நடனமகள் தஞ்சையிலிருந்து வந்தவள், தமிழ் பேசுபவள். கதை தமிழுக்கு வந்தபோது ஜோதிகா ஆடிய சந்திரமுகி தெலுங்கு பேசினாள். 2007இல் இந்திக்குச் சென்றபோது அவள் வங்காளியானாள். அணங்கு எந்நாட்டிலும் அண்டை வீட்டு மொழியையே பேசுகின்றாள் போலும்! இது வெறும் வேடிக்கையன்று. 'ராரா' பாட்டின் சொற்பொருள் தமிழர் பலர்க்கு விளங்குவதில்லை. ஆகவே மனத்தில் நிற்பன மையெழுதிய விழியும் கையசைவுமே. சொல்லினின்று விடுபட்ட தோற்றத்தின்மேல் எவரும் தமக்கு வேண்டிய சொல்லை ஏற்றலாம். 1976இல் ரிச்சர்டு டாக்கின்சு படைத்த 'மீம்' என்னும் சொல், போலச்செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியது. போலச்செய்தற்கு எளிதாயிருப்பது எதுவோ அதுவே பரவும்.

எனினும் அச்சம் நகையாகத் திரிந்தமைக்கு இஃதொன்றே காரணமாகாது. இதற்கு விடை பேராசிரியர் உரையில் உளது. அஞ்சத்தக்க பொருளைத் தான் காணாத ஒருவன், அதனைக் கண்டு அஞ்சி ஓடிவருவானைக் காணின், அக்காட்சி அவனுக்கு நகைக்கும் கருணைக்கும் பொருளாகுமேயன்றி அச்சத்திற்குப் பொருளாகாது என்பது அவர் கருத்து. அரங்கில் அமர்ந்தவர் பூட்டிய அறையையும் இரவிற் கேட்ட சலங்கையொலியையும் நெடுநேரம் கடந்த பின்னரே அந்நடனத்தைக் கண்டனர். அரை நிமிடத் துணுக்கிலோ அவ்வேதுக்கள் ஒன்றும் இல; விளைவு மட்டுமே உளது. படத்தினுள்ளேயே வடிவேலுவின் பாத்திரம் நடுங்குந்தோறும் அவையோர் நகைத்தமையும் இந்நெறி பற்றியதே.

அமெரிக்கப் படமாகிய 'மேகன்' இதனை மேலும் தெளிவாக்கும். கொலைபுரியும் பொம்மையொன்று அதில் சிறிது நடனமாடும். 2022 அக்டோபரில் முன்னோட்டம் வந்த உடனேயே அவ்வாட்டம் உலகெங்கும் போலச்செய்யப்பட்டது. படமோ 2023 சனவரியிலேதான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. கொலையைக் காணுமுன்னரே ஆட்டத்தைக் கண்டு நகைத்துவிட்டனர். 'சந்திரமுகி'யிற் காலம் செய்ததை ஆங்கு விளம்பரமே செய்தது.

பேராசிரியர் நகையோடு கருணையையும் சேர்த்துக் கூறினார். இணையத்தில் கருணை காணப்படவில்லை என்பதே எம்மை உறுத்துவது. கதைப்படி கங்கா பேய் பிடித்தவள் அல்லள், மனநோயுற்ற பெண். தான் சந்திரமுகியாக மாறுவதை அவள் அறியாள். முழுதும் மாறிவிட்ட அவளை மருத்துவர் சரவணன் கணவனுக்குச் சுட்டிக்காட்டும் இடம், கணவனுக்குத் தாங்கொணாத் துயரம் நேரும் இடம். அவ்விடமே இன்று மிகுதியாக மீமாக்கப்படுகின்றது. திருமணத்திற்கு முன் கங்கா, பின் சந்திரமுகி என்று இரு படங்களை அடுத்தடுத்து வைத்து, சினந்த மனைவியை எள்ளுகின்றனர். எள்ளல் நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றென இலக்கணம் ஏற்கும். ஆயினும் ஈண்டு எள்ளப்படுவது நோய். சினங்கொள்ளும் பெண்ணெல்லாம் மனந்திரிந்தவள் என்னும் கருத்தும் அந்நகையோடு உடன்பரவுகின்றது.

அச்சிறுவர்க்குக் கங்காவின் கதையைச் சொன்னோம். ஒருவன், "அவங்களுக்கு அப்புறம் சரியாப் போச்சா ஐயா?" என்று கேட்டான். குணமாயிற்று என்றோம். மற்றவர் தாம் எடுத்த படத்தை முன்னரே அனுப்பிவிட்டிருந்தனர்.