மாநிறத் தோலுக்கு ஏற்ற வெயில் காப்புக் களிம்பு

புற ஊதாக் கதிர்க் குறியீட்டை 1992 ஆம் ஆண்டு உலகிலேயே முதன்முதலாக வெளியிட்ட நாடு கனடா. அதை வகுத்த விஞ்ஞானிகள் டொரொன்டோவில் பணியாற்றியவர்கள். குறியீடு 3 ஐ எட்டினால் வெயில் காப்புக் களிம்பு, அதாவது சன்ஸ்கிரீன், பூசுமாறு அங்கு அறிவுறுத்தப்படுகிறது. ஆனால் அந்நகரின் தமிழ்ப் பெண்களுக்கு, ஒப்பனைக்கு அடியில் எதைப் பூசுவது என்பதே சிக்கல்.

துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகள் பல மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரிகின்றன. இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமூட்டிய வகைகளில் இக்குறை குறைவு. அத்துடன், மங்கு படர்வதைத் தூண்டும், கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலிருந்தும் அவை ஓரளவு காக்கின்றன. நிறமற்ற களிம்புகளால் பெரும்பாலும் இது இயலாது.

விலை, பாதுகாப்பின் அளவுகோல் அல்ல. கனடிய சுகாதாரத் துறையின் எட்டு இலக்க எண், வட்டத்துக்குள் யூவிஏ என்ற எழுத்துகள், எஸ்பிஎஃப் 30 ஆகியவை இருந்தால் மருந்துக்கடையின் மலிவான களிம்பே போதும். அது உலர்ந்த பின்னரே ஒப்பனை செய்ய வேண்டும். எஸ்பிஎஃப் கொண்ட ஒப்பனைப் பூச்சு மட்டும் போதாது. தேவையான கனத்தில் அதைப் பூசுவோர் அரிது.