டிரைவ்-த்ரூ கம்பியில்லா ஹெட்செட்: பயன்பாடும் மின்னேற்றமும்

டிரைவ்-த்ரூ ஹெட்செட் என்பது, காரை விட்டு இறங்காமலேயே உணவு வாங்கிச் செல்லும் வசதியுள்ள துரித உணவகங்களில் பணியாளர்கள் தலையில் அணியும் கம்பியில்லாப் பேச்சுக் கருவி ஆகும். வெளியே காரில் இருக்கும் வாடிக்கையாளர் சொல்வதை உள்ளே இருப்பவர் கேட்கவும், அவருக்கு மறுமொழி சொல்லவும், சமையற்கட்டில் நிற்கும் சக பணியாளர்களோடு பேசிக்கொள்ளவும் இது உதவுகிறது. இரு கைகளும் வேறு வேலைக்குக் கிடைப்பதே இதன் முதன்மையான பயன்.

அமெரிக்காவில் தோன்றிய இந்த முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்களில் பலர் இத்தகைய உணவகங்களில் பகுதிநேர வேலை செய்கின்றனர். அவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே கையில் கொடுக்கப்படும் கருவி இது. ஒலி தெளிவாக இல்லாதபோது, 'உனக்கு மொழி புரியவில்லை' என்ற பழி புதியவர் மேல் எளிதில் விழுந்துவிடும். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கே, பிழை தன்னுடையதா, மின்கலத்தினுடையதா என்று பிரித்தறிய முடியும்.

வரலாறு

காரில் இருந்தபடியே உணவு வாங்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வேகமாக வளர்ந்தது. 1948-இல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் தொடங்கப்பட்ட இன்-அண்ட்-அவுட் பர்கர் கடையில், வாடிக்கையாளரும் கடைக்காரரும் இருவழியாகப் பேசிக்கொள்ளும் ஒலிபெருக்கிப் பெட்டி வைக்கப்பட்டது. 1951-இல் சான் டியாகோ நகரில் தொடங்கப்பட்ட ஜாக் இன் தி பாக்ஸ் உணவகமும் இதே வழியைப் பின்பற்றியது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் முதல் டிரைவ்-த்ரூ சாளரத்தை 1975-இல் அரிசோனா மாநிலத்தின் சியர்ரா விஸ்டா என்னும் ஊரில் திறந்தது. அருகிலிருந்த இராணுவ முகாமின் வீரர்கள் பணிச்சீருடையோடு வெளியிடங்களில் காரை விட்டு இறங்கக்கூடாது என்ற விதி இருந்ததே இதற்குக் காரணம்.

தொடக்கத்தில் பேச்சுப் பெட்டிக்கும் சாளரத்துக்கும் இடையே கம்பி இருந்தது. ஆர்டர் எடுப்பவர் அந்தப் பெட்டியின் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தது. கம்பியில்லா ஹெட்செட் வந்தபின், ஒரே ஆள் ஆர்டர் கேட்டுக்கொண்டே பானம் நிரப்பவும், பணம் வாங்கவும், பொட்டலம் கட்டவும் முடிந்தது. வேலை எளிதானது, ஒருவர் மேல் விழும் வேலைகளின் எண்ணிக்கையும் கூடியது.

அமைப்பும் செயல்படும் முறையும்

இந்த ஏற்பாட்டில் நான்கு உறுப்புகள் உள்ளன.

முதலாவது, ஊர்தி உணர்வி. உணவுப் பட்டியல் பலகைக்கு முன்னால், தரைக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் புதைக்கப்பட்டிருக்கும். அதில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. காரின் உலோகப் பகுதி சுருளுக்கு மேலே வரும்போது அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. இதனால் சுருளின் மின்தூண்டல் அளவு குறைகிறது. அந்த மாற்றத்தைக் கருவி கண்டுகொண்டு ஹெட்செட்டில் 'டிங்' என்று ஒலி எழுப்புகிறது. பள்ளி இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டலுக்கு இது நல்ல நடைமுறை எடுத்துக்காட்டு.

இரண்டாவது, பலகையில் பொருத்தப்பட்ட ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும்.

மூன்றாவது, உணவகத்தின் உள்ளே சுவரில் இருக்கும் அடிநிலையம். வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் ஒலியை இது வானொலி அலையாக மாற்றி ஹெட்செட்டுகளுக்கு அனுப்புகிறது. சில கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், சில 1.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இயங்குகின்றன. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், அந்த வரிசையில் குறுக்கீடு நேர வாய்ப்பு அதிகம்.

நான்காவது, ஹெட்செட். தலைப்பட்டை, ஒரு காதுக்கான ஒலிப்பான், வாயருகே நீளும் ஒலிவாங்கித் தண்டு, பொத்தான்கள், கழற்றக்கூடிய மின்கலம் ஆகியவை இதன் பகுதிகள். சில வகைகளில் மின்கலமும் பொத்தான்களும் இடுப்புப் பட்டையில் செருகும் சிறு பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு ஹெட்செட்டையும் அடிநிலையத்தில் முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத ஹெட்செட்டில் மின்கலம் நிறைந்திருந்தாலும் ஒலி வராது.

பயன்படுத்தும் முறை

ஹெட்செட்டை இரு காதில் எதிலும் அணியலாம். ஒலிவாங்கித் தண்டு வாயின் ஓரத்தில், ஏறத்தாழ இரண்டு விரல் அகலத் தூரத்தில் இருப்பது நல்லது. நேர் எதிரே வைத்தால் மூச்சுக் காற்று இரைச்சலாகக் கேட்கும். தள்ளி வைத்தால் எண்ணெய்ச் சட்டியின் ஓசை பேச்சை மூடிவிடும்.

பெரும்பாலான கருவிகளில் பேசுவதற்கு இரு வகைப் பொத்தான்கள் உண்டு. ஒன்று வெளியே உள்ள வாடிக்கையாளரோடு பேச; மற்றொன்று உள்ளே உள்ள பணியாளர்களோடு மட்டும் பேச. இவற்றை மாற்றி அழுத்தினால், சமையற்கட்டுக்குச் சொல்ல நினைத்தது வாடிக்கையாளர் காதில் விழும். ஆகவே புதியவர் முதலில் பழக வேண்டியது இந்த இரு பொத்தான்களின் இடத்தைத்தான், அதுவும் பார்க்காமல் விரலால் தடவி அறியும் அளவுக்கு.

அழுத்திப் பேசும் முறையில், பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்தே பேசத் தொடங்க வேண்டும். இல்லையேல் முதல் அசை அறுந்துபோகும். தொலைபேசி போல இருபுறமும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய கருவிகளும் உண்டு. வாக்கி-டாக்கி போல ஒருவர் முடித்தபின் மற்றவர் பேச வேண்டியவையும் உண்டு. எந்த வகை என்று தெரிந்துகொண்டால், வாடிக்கையாளரின் பேச்சை அறியாமல் இடைமறிப்பது குறையும்.

ஆர்டரைக் கேட்டபின் அதை முழுதும் திருப்பிச் சொல்வது கட்டாயப் பழக்கமாக வேண்டும். 'நோ சீஸ்' என்பதில் 'நோ' என்ற ஓரசைச் சொல் இரைச்சலில் மறைந்துவிட்டால், கேட்டதற்கு நேர் எதிரான உணவு தயாராகும். வேர்க்கடலை, பால், முட்டை, எள் போன்றவற்றால் ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். 'ஒவ்வாமை' என்ற சொல் காதில் விழுந்தால், காரைச் சாளரத்துக்கு வரச் சொல்லி நேரில் பேசி உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பானது.

மின்கலமும் மின்னேற்றமும்

இன்றைய ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் லித்தியம் அயனி மின்கலமே பயன்படுகிறது. 1991-இல் வணிகச் சந்தைக்கு வந்த இவ்வகை மின்கலத்தை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்களை அவ்வப்போது முழுதும் தீர்த்துவிட்டே மின்னேற்ற வேண்டும் என்று சொல்வார்கள். பாதியில் மின்னேற்றிப் பழக்கினால் அவற்றின் கொள்ளளவு குறைந்தது போலத் தோன்றும். லித்தியம் அயனி மின்கலத்துக்கு அந்தக் குறை இல்லை. அதை அடியோடு தீரவிடுவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. எனவே 'முழுதும் தீர்ந்தபின் போடு' என்ற பழைய அறிவுரை இதற்குப் பொருந்தாது.

மின்னேற்றி, அதாவது சார்ஜர், பல குழிகள் கொண்ட பெட்டியாக இருக்கும். மின்கலத்தை ஹெட்செட்டிலிருந்து கழற்றிக் குழியில் 'கிளிக்' என்று பொருந்தும்வரை செருக வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விளக்கு உண்டு. மின்னேறுகிறது, நிறைந்துவிட்டது, பழுது என்ற மூன்று நிலைகளை அது வெவ்வேறு நிறத்தில் காட்டும். நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று மின்னேற்றியின் அருகே எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

தீர்ந்த மின்கலம் நிறைய ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் மின்னேற்றம் வேகமாக நடக்கும். நிறையும் தறுவாயில் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். ஆகவே ஒரு மணி நேரம் மட்டுமே போட முடிந்தாலும் கணிசமான பயன் உண்டு.

நடைமுறையில் கீழ்க்கண்டவை உதவும்.

1. ஒவ்வொரு மின்கலத்துக்கும் ஓர் எண் இட்டு, பயன்பாட்டுக்கு வந்த தேதியை எழுதி ஒட்டுக.

2. குழியில் நீண்ட நேரமாக இருக்கும் மின்கலத்தை முதலில் எடுக்க. கைக்கு எட்டும் முன்குழியிலிருந்தே எல்லாரும் எடுத்தால், இரண்டு மூன்று மின்கலங்கள் மட்டும் தேய்ந்துபோகும்.

3. வேலை முடிந்து செல்பவர், ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் மின்கலத்தைக் கழற்றி மின்னேற்றியில் இடுக. காலை வேளையில் இது தவறினால், அதன் விளைவு மாலையில் கூட்ட நேரத்தில் வேலைக்கு வருபவரின் தலையில்தான் விடியும்.

4. மின்னேற்றியை அடுப்பு, பொரிக்கும் சட்டி, நீர்த்தொட்டி ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள். வெப்பம் இவ்வகை மின்கலத்தின் பெரும் பகை. உறைநிலைக்குக் கீழான குளிரிலும் மின்னேற்றக் கூடாது.

5. மின்கலத்தின் உலோக முனைகளில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும். மின்னேற்றியை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் முனைகளைத் துடைக்க. குழியில் வைத்தும் விளக்கு எரியாததற்கு இந்தப் பிசுக்கே பெரும்பாலும் காரணம்.

6. உப்பிய, வெடிப்பு விட்ட, தொட்டால் சுடும் மின்கலத்தை உடனே விலக்குக. அதைக் குத்தவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, மின்கல மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

மின்கலத்தின் ஆயுளைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு மின்கலம் 500 முறை முழுதாக மின்னேற்றத் தாங்கும் என்று கொள்வோம். நாள்தோறும் ஒரு முறை ஏற்றினால் 500 நாட்கள், அதாவது ஏறத்தாழ 16 மாதங்கள் வரும். இரண்டு மின்கலங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும். அதன்பின் அது சட்டென்று செத்துவிடாது; தாங்கும் நேரம்தான் சுருங்கும். விளக்கு 'நிறைந்தது' என்று காட்டியும் மின்கலம் மூன்று மணி நேரத்தில் தீர்ந்தால், அதை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

பிழை எங்கே என்று கண்டறிதல்

பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கக் கற்றுத்தருகிறோம். அதே விதி இங்கும் பொருந்தும்.

குரல் விட்டுவிட்டுக் கேட்டால் முதலில் மின்கலத்தை மட்டும் மாற்றுக. சரியாகிவிட்டால் பிழை மின்கலத்தில். சரியாகாவிட்டால் வேறொரு ஹெட்செட்டை அணிந்து பார்க்க. அதில் தெளிவாகக் கேட்டால் பிழை முதல் ஹெட்செட்டில். எல்லா ஹெட்செட்டிலும் ஒரே இரைச்சல் என்றால் பிழை வெளியே உள்ள ஒலிவாங்கியிலோ அடிநிலையத்திலோ இருக்கிறது. ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் அறுந்தால், அங்கே குளிர்பதன அறையின் உலோகச் சுவரோ மைக்ரோவேவ் அடுப்போ அலையைக் குலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் வந்தும் 'டிங்' ஒலி கேட்காவிட்டால் தரைச் சுருளில் கவனம் தேவை.

இத்தனையும் பார்த்தபின்னும் புரியாவிட்டால்தான் பேச்சு வழக்கைப் பற்றி எண்ண வேண்டும். அப்போதும் கூச்சம் வேண்டாம். மீண்டும் சொல்லும்படி மரியாதையாகக் கேட்பது தவறான ஆர்டரைவிட மேலானது. 'எனக்குக் கேட்கவில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, '4-ஆம் எண் மின்கலம் மூன்று மணி நேரத்தில் தீர்கிறது' என்று மேலாளரிடம் எழுதிக் கொடுப்பவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

செவி நலமும் தூய்மையும்

சுற்றிலும் இரைச்சல் கூடும்போது ஹெட்செட்டின் ஒலியளவைக் கூட்டுவது இயல்பு. இரைச்சல் குறைந்தபின் அதைக் குறைக்க மறப்பதும் இயல்பு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலத்துக்கான தேசிய நிறுவனம், 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் இந்த நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணி, 91 டெசிபலுக்கு 2 மணி. வேலை முடிந்த பிறகும் காதில் 'ங்' என்ற ஓசை நின்றால் அது எச்சரிக்கை. ஒலியைக் குறைத்து, இடையிடையே மற்றக் காதுக்கு மாற்றி அணிய வேண்டும். ஓசை நீடித்தால் செவி மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஒலியளவைக் கூட்டியே தீர வேண்டிய நிலை நாள்தோறும் வந்தால், வெளியே உள்ள ஒலிவாங்கி பழுதாகியிருக்கலாம். அதைச் சரிசெய்வதே முறை.

ஒரே ஹெட்செட்டைப் பலர் அணிவதால், காதில் படும் பஞ்சுறையை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது நல்லது. துடைக்கும் திரவத்தை நேரே கருவியின் மேல் தெளிக்காமல், துணியில் இட்டுப் பிழிந்து, அந்த ஈரத்தால் மட்டும் துடைக்க வேண்டும். ஹெட்செட்டைத் தொட்ட கையோடு உணவைத் தொடக்கூடாது.

இன்றைய நிலை

ஆர்டர் எடுக்கும் வேலையைக் கணினிக் குரலிடம் ஒப்படைக்கும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளில் நடத்திய இத்தகைய சோதனையை 2024-இல் முடித்துக்கொண்டது. பிற நிறுவனங்கள் தங்கள் சோதனைகளைத் தொடர்கின்றன. கணினி ஆர்டர் எடுக்கும் இடங்களிலும், அது தடுமாறும்போது பேச்சை ஏற்று நடத்த ஒரு பணியாளர் ஹெட்செட்டோடு நிற்கிறார். அவருடைய மின்கலமும் நேரத்துக்கு மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும்.