வேர்ச்சொல்வழி ஆங்கிலச் சொற்கல்வி: வடசென்னைத் துறைமுகத் தொழிற்பகுதிச் சொற்களை முன்வைத்து

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைக் கடற்கரை, துறைமுகங்களையும் தொழிற்சாலைகளையும் சார்ந்த பகுதியாகும். இங்கு வாழும் மாணவர்கள் பல ஆங்கிலச் சொற்களைப் பாடநூலுக்கு வெளியே, கன்டெய்னர்களிலும் டேங்கர் லாரிகளிலும் நாள்தோறும் காண்கின்றனர். அச்சொற்களை வேர்ச்சொல்வழிக் கற்பதன் பயனையும் எல்லையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகுபதமும் வேர்ச்சொல்லும்

நன்னூல் பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுக்கிறது. இவ்வாறு சொல்லைப் பிரித்துப் பழகிய மாணவருக்கு ஆங்கிலச் சொல்லமைப்பும் எளிதில் விளங்கும். 'போர்ட்டாரே' என்னும் இலத்தீன் வினைக்குச் 'சுமந்து செல்லல்' என்பது பொருள். அதனுடன் 'இன்' (உள்ளே), 'எக்ஸ்' (வெளியே), 'டிரான்ஸ்' (கடந்து) ஆகிய முன்னொட்டுகள் சேர, இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் என்னும் சொற்கள் அமைகின்றன. சுமைதூக்குபவரைக் குறிக்கும் 'போர்ட்டர்' என்பதும் இவ்வேரினதே. 'இன்' என்பது பகர ஒலிக்கு முன் 'இம்' ஆவது, மரம் + கள் = மரங்கள் எனத் தமிழில் வல்லெழுத்துக்கு ஏற்ற இன மெல்லெழுத்து வருவதை ஒத்தது.

பொருள் நோக்கில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. ஏற்றுமதி, இறக்குமதி என்னும் தமிழ்ச்சொற்கள் சரக்கை ஏற்றுதல், இறக்குதல் என்னும் செயல்களை அடிப்படையாகக் கொண்டவை. ஆங்கிலச் சொற்களோ உள்ளே, வெளியே என்னும் திசையை அடிப்படையாகக் கொண்டவை. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்னும் இரண்டையும் மாற்றிப் பொருள் கொள்ளார்.

மயக்கம் தரும் சொற்கள்

தமிழில் லகர, ளகர, ழகர வேறுபாடு மயங்கொலிச் சொற்களைத் தருவது போல, ஆங்கிலத்திலும் ஒலியொத்த சொற்கள் உள்ளன. கப்பல் கட்டுமிடமும் பிறப்பும் ஒலிப்பில் 'பெர்த்' என்றே அமைகின்றன. ஆங்கில எழுத்துகளில் முன்னதன் இரண்டாம் எழுத்து 'ஈ', பின்னதன் இரண்டாம் எழுத்து 'ஐ'. இம்மயக்கம் எழுத்துப் பிழையோடு நின்றுவிடும்.

முன்னொட்டால் விளையும் மயக்கமோ உயிர்க்கேடு வரை செல்லக்கூடியது. 'இன்' என்னும் முன்னொட்டுக்கு எதிர்மறைப் பொருளும் உண்டு. 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குப் புலப்படாதது. அதே முறையில் 'இன்ஃப்ளேமபிள்' என்பதற்குத் 'தீப்பற்றாதது' எனப் பொருள் கொள்வது பெரும்பிழை. 'தீமூட்டுதல்' எனப் பொருள்படும் 'இன்ஃப்ளமாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல் எளிதில் தீப்பற்றுவதையே குறிக்கும். 'ஃப்ளேமபிள்' என்பதற்கும் அதுவே பொருள். இவற்றின் எதிர்ச்சொல் 'நான்-ஃப்ளேமபிள்'. இம்மயக்கத்தைத் தவிர்க்க, 1920களிலேயே அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்னும் வடிவத்தைப் பரிந்துரைத்தது. இந்தியாவின், எளிதில் தீப்பற்றும் பொருள்கள் குறித்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் பழைய வடிவமே உள்ளது. திருவொற்றியூரை அடுத்த மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்குவதால், இப்பகுதியினர் இச்சொல்லைச் சரியாக அறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

வேர்ச்சொல் பொருளை ஊகிக்க உதவும். அவ்வூகத்தை அகராதியும் வழக்கும் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே வேர்ச்சொற் பயிற்சியும் மயங்கும் சொற்பயிற்சியும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். தொழிற்பகுதிப் பள்ளிகளில் எச்சரிக்கைப் பலகைச் சொற்களிலிருந்தே அப்பயிற்சியைத் தொடங்குவது மொழித்திறனையும் பாதுகாப்பையும் ஒருசேர வளர்க்கும்.