வேண்டாத அஞ்சலும் வேண்டிய எச்சரிக்கையும்



குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் சிலர் இன்று கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகின்றனர். அவர்களுக்கு ஏற்படும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று காண்போம். லினக்ஸ் கணினியிலிருந்து ஓயாமல் வரும் மின்னஞ்சல்தான் அது.

விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதை நாம் அறிவோம். லினக்ஸ் கணினிக்குள்ளும் அப்படி ஒரு கிராணி உண்டு. அதன் பெயர் கிரான். கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். 1979-இல் வெளியான யூனிக்ஸ் பதிப்பிலேயே அது இருந்தது. 'இரவு 2 மணிக்குக் கணக்கைப் படியெடு' என்று பட்டியலில் எழுதி வைத்தால், நாம் உறங்கும்போதும் அது வேலையை நடத்திவிடும்.

அந்த வேலை ஒன்றும் பேசாமல் முடிந்தால் அஞ்சல் வராது. ஒரு வரி பேசினாலும், அதைப் பட்டியலுக்கு உரியவருக்குக் கிரான் மின்னஞ்சலாக அனுப்பிவிடும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும் வேலை என்றால், நாளொன்றுக்கு 288 அஞ்சல்கள்!

முதலில் அஞ்சலைப் படிக்க வேண்டும். எந்தக் கட்டளை பேசியது என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும். 'கட்டளை காணப்படவில்லை' என்று உள்ளே இருந்தால், வேலையே நடக்கவில்லை என்று பொருள். நாம் கையால் தட்டும்போது கணினி பல இடங்களில் நிரலைத் தேடும். கிரானோ சில இடங்களில் மட்டுமே தேடும். ஆகவே, நிரல் இருக்கும் இடத்தைப் பட்டியலில் முழுமையாக எழுதினால் குறை தீரும்.

வேலை சரியாக நடந்தும் வீண்பேச்சு வருகிறதா? கட்டளையின் இறுதியில் '>' குறியிட்டு, '/டெவ்/நல்' என்று ஆங்கில எழுத்தில் சேர்க்கலாம். அது கணினியின் குப்பைக்குழி, போனது திரும்பாது. வழக்கமான பேச்சு அங்கே போகும். பிழைச் செய்தி வேறு வழியில் வருவதால் அது மட்டும் அஞ்சலில் வந்து சேரும்.

இங்கேதான் கவனம் தேவை. அதன் பின்னால் '2>&1' என்றும் சேர்த்தால் பிழைச் செய்தியும் குழிக்குள் போய்விடும். 'மெயில்டூ' என்னும் வரியை வெறுமையாக விட்டாலும், அதற்குக் கீழுள்ள வேலைகள் எதற்கும் அஞ்சல் வராது. தொல்லை ஒழிந்தது என்று மகிழ்வோம். ஆனால், வட்டு நிரம்பிக் கணக்குப் படியெடுப்பு நின்று போனாலும் நமக்குத் தெரியாது. கணினி பழுதான நாளில், கூட்டுறவுக் கடையின் ஓராண்டுக் கணக்கே கையில் இல்லாமல் போகலாம்.

மரத்துக்கு மரம் 'வெட்டியாயிற்று' என்று வந்து சொல்லும் ஆள் தொல்லைதான். மரத்தில் நோய் கண்டும் சொல்லாத ஆளோ தோட்டத்துக்கே கேடு. கணினியிலும் வீண்பேச்சை நிறுத்துவோம்; எச்சரிக்கையை நிறுத்த வேண்டாம். 'மெயில்டூ' வரியில், நாள்தோறும் அஞ்சல் பார்ப்பவரின் முகவரியை எழுதுவோம். மாதம் ஒரு முறை, எடுத்த படியைத் திறந்து பார்ப்போம். அஞ்சல் வரவில்லை என்பது மட்டுமே வேலை நடந்ததற்குச் சான்றாகாது.